பெட்டியில் வந்த மனோன்மணி

எண்ணூரை ஒட்டிய எங்கள் காத்திவாக்கத்தில் எந்த விழாவும் தமிழ்த்தாய் வாழ்த்து இல்லாமல் தொடங்குவதில்லை. மழைநீர் வடிகாலுக்கு அடிக்கல் நாட்டினாலும் முதலில் எழுந்து நிற்க வேண்டும். 1970-இல் தமிழக அரசு அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டபோது, சமஸ்கிருதத்துக்கு மனவருத்தம் தரக்கூடிய சில வரிகளை ஓசைப்படாமல் கழற்றி வைத்தது. மிச்சத்தைத்தான் பாடுகிறோம். பாட்டு ஒரு நாடகத்தின் தொடக்கத்தில் இருப்பது, நாடகத்தின் பெயர் ‘மனோன்மணீயம்’, எழுதியவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை, அச்சேறிய ஆண்டு 1891. இவ்வளவும் பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். நாடகத்தைப் படித்தாயா என்று கேட்டால்தான் செருப்பைத் தேடுவான். பாட்டு நம்மை எழுப்பி நிறுத்துகிறது. பின்னால் வரும் ஐந்து அங்க ஆசிரியப்பா முதலில் உட்கார வைக்கிறது, பிறகு மெல்லச் சாய்த்தும் விடுகிறது.

ஆனால் கதையில் ஒரு குறையும் இல்லை. சீவகன் என்று ஒரு பாண்டியன். நல்லவன், அதாவது கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதை நம்புகிறவன். மந்திரி குடிலன், மதுரை வேண்டாம், திருநெல்வேலியில் கோட்டை கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றான். போய்விட்டார்கள். அரசன் மகள் மனோன்மணி கனவில் ஒருவனைப் பார்த்துவிட்டுச் சுரமாகப் படுத்துக்கொள்கிறாள். அங்கே சேர நாட்டு அரசன் புருடோத்தமனும் கனவில் ஒருத்தியைப் பார்த்துவிட்டுச் சோற்றில் கை வைக்காமல் திரிகிறான். பெயர், ஊர், விலாசம் எதுவும் இருவருக்கும் தெரியாது. குலகுரு சுந்தர முனிவருக்கு விவரம் புரிகிறது. ஆனால் முனிவர்கள் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டால் நாடகம் முதல் அங்கத்தோடு முடிந்துவிடும். அதனால் சேரனுக்குப் பெண்ணைக் கொடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

சம்பந்தம் பேசப் போனவன் குடிலனின் மகன் பலதேவன். போன இடத்தில் நாஞ்சில் நாடு யாருக்குச் சொந்தம் என்ற பழைய தகராறைக் கிளறிவிட்டு, கல்யாணச் செய்திக்குப் பதில் போர்ச் செய்தியோடு திரும்பி வருகிறான். (நாஞ்சில் நாடு யாருக்கு என்பது உண்மையில் தீர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அது வேறு நாடகம், அதில் வேறு நடிகர்கள்.) போரில் பாண்டியன் தோற்கிறான். முனிவர் முன்னேற்பாடாகக் கோட்டைக்கு அடியில் ஒரு சுரங்கம் தோண்டி வைத்திருக்கிறார். நள்ளிரவில் மகளைப் பலதேவனுக்குக் கட்டிக்கொடுத்து, அந்த வழியே தப்பவைக்கலாம் என்று சீவகன் நினைக்கிறான். குடிலனோ அதே சுரங்கத்தில் புகுந்து, ராஜாவைக் காட்டிக்கொடுத்து ராஜ்யத்தை வாங்கிக்கொள்ளச் சேரனிடம் போகிறான். சேரன் அவனுக்கு விலங்கு போட்டு, அவனையே வழிகாட்டச் சொல்லி, கல்யாணக் கூடத்துக்குள் வந்து நிற்கிறான். கையில் மாலையோடு நின்ற மனோன்மணி நிமிர்ந்து பார்க்கிறாள். கனவில் வந்தவன்! மாலை இடம் மாறிவிடுகிறது. மணவறையில் நின்ற பலதேவனின் முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கும். அப்பன் செய்த வேலைக்கு மகனுக்கு மாலை கைநழுவிப் போனது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதற்குத் துப்பறியத் தேவையில்லை. சுந்தரம் பிள்ளையே முன்னுரையில் கணக்கு ஒப்புவித்துவிட்டார். லிட்டன் பிரபு என்ற ஆங்கிலேயர் எழுதிய ‘தி சீக்ரெட் வே’ (இரகசிய வழி) என்ற கதைப்பாட்டுதான் மூலம். நாடகத்துக்குள் வரும் சிவகாமி சரிதத்துக்கும் ஒரு மூலம் உண்டு, கோல்ட்ஸ்மித்தின் ‘ஹெர்மிட்’. ஷேக்ஸ்பியர் இப்படி ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை. அவர் எங்கெங்கே கை வைத்தார் என்று தேடியே நானூறு வருஷமாகப் பேராசிரியர்கள் குடும்பம் நடத்துகிறார்கள்.

லிட்டன் பிரபுவைப் பற்றிக் கொஞ்சம். முழுப் பெயர் எட்வர்டு புல்வர் லிட்டன். வாளைவிடப் பேனா வலியது என்று பேச்சுப்போட்டிக்குப் போகும் பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்த வசனத்தை ‘ரிஷ்லியூ’ நாடகத்தில் எழுதியவர் இவர்தான். நாடாளுமன்ற உறுப்பினர், குடியேற்ற நாடுகளுக்கு மந்திரி. 1858-இல் இவர் தேர்தல் மேடையில் நின்றபோது, பிரிந்து வாழ்ந்த மனைவி ரோசினா அங்கேயே வந்து ஊரறிய இவர் வண்டவாளத்தைப் போட்டு உடைத்தார். கணவர் பேனாவை எடுக்கவில்லை, வாளையும் எடுக்கவில்லை. மருத்துவர்களைக் கூப்பிட்டு மனைவியைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிட்டார். ஊர் கொதித்த பிறகே, சில வாரம் கழித்து வெளியே விட்டார்கள். எட்டு வருஷம் கழித்து அதே மனிதர், தனக்குப் பிடித்தவனைத் தானே தேர்ந்தெடுக்கும் இளவரசி ஒருத்தியைப் பற்றி உருகி உருகி எழுதினார். நம்முடைய மனோன்மணி அங்கிருந்துதான் கிளம்பி வந்தாள்.

அந்தக் கதைப்பாட்டு உள்ள அவர் புத்தகத்தின் பெயர் ‘மைலீட்டஸின் தொலைந்துபோன கதைகள்’, 1866. மைலீட்டஸ் பழைய கிரேக்கத் துறைமுகம். அந்த ஊர்ப் பெயரில் ஒரு கதைத் தொகுதி இருந்தது, அது கிடைக்காமல் போய்விட்டது. தொலைந்துபோன புத்தகத்தைத் திரும்ப எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு: ஒப்பிட்டுப் பார்க்க யாராலும் முடியாது. ஆனால் இந்த ஒரு கதை தொலையவே இல்லை. கி.பி. 200 வாக்கில் அத்தினேயஸ் என்பவர், அறிஞர்கள் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுவதை மட்டும் பதினைந்து பாகமாக எழுதி வைத்தார். அதில் பதின்மூன்றாம் பாகத்தில் கதை பத்திரமாக இருக்கிறது. அவருக்கு எப்படித் தெரிந்தது? அலெக்சாந்தரின் அரண்மனையில், பார்க்க வருகிறவர்களை உள்ளே விடும் அதிகாரியாக இருந்த காரிஸ் எழுதியதைப் பார்த்துச் சொல்கிறார். வாசலில் நிற்பவனுக்குத்தானே வீட்டுக் கதையெல்லாம் தெரியும்.

காரிஸ் சொன்ன கதையில் சுரங்கம் கிடையாது. சரியாத்ரிஸ் என்ற கிழக்கு நாட்டு இளவரசன், ஓடாத்திஸ் என்ற இளவரசி. கனவில் பார்த்துக் காதல். பெண்ணின் அப்பன் ஓமார்ட்டிஸ் அந்நியனுக்குத் தரமாட்டேன் என்று சொல்லி, உறவுக்காரப் பையன்களை எல்லாம் விருந்துக்கு உட்கார வைத்து, பிடித்தவனுக்குப் பொற்கிண்ணத்தில் மது கொடு என்கிறான். அவள் மதுப் பானைக்குப் பக்கத்தில் நின்று அழுகிறாள். செய்தி கிடைத்த இளவரசன் தேரில் எண்ணூறு ஸ்டேடியா ஓட்டி வருகிறான். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். காத்திவாக்கத்தில் ரயிலேறிக் கூடூரைத் தாண்டிப் போகிற தூரம். மாறுவேடத்தில் உள்ளே நுழைந்து காதோரம் வந்துவிட்டேன் என்கிறான். கிண்ணம் கை மாறுகிறது, பெண்ணும் தேரேறிவிடுகிறாள். அந்தப் பக்கத்து மக்கள் இந்தக் காட்சியைக் கோயிலிலும் வீட்டுச் சுவரிலும் வரைந்து வைத்திருந்தார்கள், பிரபுக்கள் மகளுக்கு ஓடாத்திஸ் என்று பெயர் வைத்தார்கள் என்கிறார் காரிஸ். சினிமா நடிகை பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற பழக்கம் இவ்வளவு பழசு.

இதே கதை 1010-இல் முடிந்த பிர்தௌசியின் ‘ஷாநாமா’விலும் தலைகாட்டுகிறது. அங்கே ரூம் தேசத்துச் சீசரின் மகள் கதாயூன் கனவில் அந்நியன் ஒருவனைப் பார்க்கிறாள். பிறகு சபையில் அவனைக் கண்டுபிடித்துவிடுகிறாள். ஒரு மாற்றம்: கிரேக்கர் சொன்னபோது மாப்பிள்ளை இரண்டு சகோதரர்களில் தம்பி, பாரசீகத்துக்குத் திரும்பியபோது அண்ணன். நடுவழியில் எந்தக் கதைசொல்லியோ அண்ணனுக்குக் கல்யாணமாகாமல் தம்பிக்கு எப்படி என்று முறை பார்த்திருக்கிறார்.

இதையெல்லாம் லேலண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்.

“அப்ப மனோன்மணி சி.கே.டி. வண்டின்னு சொல்லு தம்பி.”

விளக்கம் தேவைப்படுகிறவர்களுக்கு: 1948-இல் ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். மறுவருஷம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார் தயாரானது. தயாரானது என்றால், இங்கிலாந்திலிருந்து உதிரிகளாகப் பெட்டியில் வந்ததை இங்கே பிரித்துப் பூட்டினார்கள். அதுதான் சி.கே.டி. வண்டி. 1955-இல் லேலண்ட் கூட்டுச் சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. அப்புறம் ஒவ்வொரு பாகமாக இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். காத்திவாக்கம் நெடுஞ்சாலையில் அதன் மதிலை ஒட்டி நடக்கிற யாரும் அதை வெள்ளைக்காரன் கம்பெனி என்று இன்று சொல்வதில்லை.

“சரி, இதுல நம்ம ஊர் பார்ட்டு எது?” என்றார் பெரியவர்.

நிறைய உண்டு அண்ணே என்றேன். நாஞ்சில் நாட்டுத் தகராறு உள்ளூர். சீவகன் என்ற பெயருக்குள் சீவனையும், குடிலன் என்ற பெயருக்குள் வளைந்த புத்தியையும் ஒளித்துவைத்து வேதாந்தம் பேசியது பேராசிரியரின் சொந்த வார்ப்பு. நடராசன் என்ற காதலன், காதலியை விட்டுவிட்டு வாய்க்காலையும் புல்லையும் நாங்கூழ்ப் புழுவையும் பார்த்து மலைத்து நின்று பேசுகிறான். ஆங்கிலப் பிரபு மண்புழுவைக் காதல் கதைக்குள் விட்டிருக்கவே மாட்டார். டார்வின் மண்புழுவுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதியது 1881-இல். பேராசிரியர் மேசையில் அது இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம், நிரூபணம் கேட்காதீர்கள்.

கனவில் மாப்பிள்ளை பார்ப்பதற்கும் நாம் கிரீஸ் வரை போயிருக்க வேண்டியதில்லை. பாணாசுரன் மகள் உஷை கனவில் ஒருவனைப் பார்த்தாள். தோழி சித்திரலேகை ராஜகுமாரர்கள் எல்லோரையும் படம் வரைந்து காட்டி, இவனா அவனா என்று கேட்டு, கிருஷ்ணன் பேரன் அநிருத்தன்தான் என்று கண்டுபிடித்தாள். இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? ரயிலில் ஏறினால் விம்கோ நகர், அடுத்து திருவொற்றியூர். சிவன் சங்கிலியார் கனவில் வந்து சுந்தரரைக் கட்டிக்கொள் என்கிறார். ஏற்கெனவே திருவாரூரில் ஒரு மனைவி உள்ள ஆள், பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யட்டும் என்கிறாள் பெண். சுந்தரர் சிவனிடம் தனியாக ஒரு ஏற்பாடு கேட்கிறார்: நான் கோயிலுக்குள் சத்தியம் செய்யும்போது நீர் லிங்கத்தை விட்டுப் போய் மகிழமரத்தடியில் உட்காரும். சரி என்று சொல்லிவிட்டு, சிவன் நேரே மறுபடி சங்கிலி கனவுக்குப் போய், சத்தியத்தை மகிழமரத்தடியில் வாங்கு என்று காதைக் கடிக்கிறார்! இரண்டு பக்கமும் தரகு பார்த்த தரகர். திருவொற்றியூரில் இன்றும் மாசியில் மகிழடி சேவை என்று அதைத் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். ஞானசம்பந்தர் காலத்தை ஆராய்ந்து புத்தகம் போட்ட சுந்தரம் பிள்ளைக்குப் பெரிய புராணம் தெரியாமலா இருந்திருக்கும்? பெட்டி அங்கிருந்து வந்தது. ஆனால் அதே சாமான் வீட்டுப் பரணிலும் இருந்தது.

லிட்டன் குடும்பத்தை இத்தோடு விட மனமில்லை. பிரபுவின் மகன் ராபர்ட்டும் கவிஞர், ஓவன் மெரிடித் என்ற புனைபெயரில் எழுதியவர். அவருடைய ‘லூசில்’ ஜார்ஜ் சாண்ட் எழுதிய பிரெஞ்சுக் கதையிலிருந்து எடுத்தது என்று புகார் எழுந்தது. தொலைந்ததாகச் சொன்ன கதையை அப்பா எடுத்தார், தொலையாத கதையைப் பிள்ளை எடுத்தார். இவரைத்தான் 1876-இல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக அனுப்பினார்கள். 1877 ஜனவரி 1-ஆம் தேதி விக்டோரியாவைப் பேரரசி என்று அறிவிக்க டெல்லியில் தர்பார் நடத்தினார். அதே நாளில் சென்னை மாகாணம் பஞ்சத்தில் கிடந்தது. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் என்று கணக்குப் போட்டவர் ரிச்சர்டு டெம்பிள். அந்த நிவாரண வேலையில் தோண்டியதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் கால்வாய். ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் ஒரு கூடை மண் சுமக்காமல் தன் பெயரைக் கொடுத்தார். தென்னிந்தியா முழுக்கச் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல். அப்பன் எழுதிய இரகசிய வழியில் ஒரு காதல் ஜோடி சேர்ந்தது. மகன் காலத்து வழியில் எலும்புக்கூடுகள் மண் சுமந்தன.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கால்வாய் அதற்கும் முந்தியது. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி, படகுகளுக்குச் சுங்கம் வசூலித்தார். பிறகு லண்டனுக்குப் போய் நீராவிக் குளியல் நிலையம் திறந்தார். அவருக்கு நாடக ஆசை இருந்ததாகத் தகவல் இல்லை. நல்லவேளை.

பெரியவருக்கு வேறு சந்தேகம். “மத்த நாடகம்லாம் ஒரிஜினலா?”

காளிதாசனிடமிருந்து ஆரம்பித்தேன். மகாபாரதத்துச் சகுந்தலை கதையில் மோதிரமே கிடையாது, துர்வாசரும் கிடையாது. துஷ்யந்தனுக்கு எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளையோடு வந்து நின்றவளை, நீ யார் என்று சபையில் வாய் கூசாமல் கேட்கிறான். வானத்திலிருந்து அசரீரி வந்து அதட்டிய பிறகு, தெரியும், ஊர் நம்பவேண்டுமே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று மழுப்புகிறான். நாடகத்துக்குக் கதாநாயகன் இப்படி இருந்தால் எந்த ராஜா காசு கொடுப்பார்? காளிதாசன் துர்வாசரைக் கொண்டுவந்து சாபம் போடவைத்து, மறதியை முனிவர் கணக்கில் எழுதி, ராஜாவுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டான். மோதிரத்தை மீன் விழுங்குவது வேறு எங்கேயும் இல்லாததல்ல. கிரேக்கத்து ஹெரோடோட்டஸ் சொல்லும் பாலிகிராட்டிஸ் கதையில் அரசன் கடலில் எறிந்த மோதிரம் மீன் வயிற்றில் வீடு திரும்புகிறது.

ஆனால் அதற்குப் பிறகு வரும் காட்சி காளிதாசனின் சொந்தச் சரக்கு. மீன் வயிற்றில் மோதிரம் கண்ட மீனவனைக் காவலர்கள் பிடித்துக் கட்டி இழுத்து வருகிறார்கள். அதிகாரி அரசனின் மைத்துனன். உன் தொழில் ரொம்பச் சுத்தமான தொழில்தான் என்று கேலி பேசுகிறான். பிறந்த தொழிலை விடக்கூடாது ஐயா, இளகிய மனசுள்ள வைதீகரும் யாகத்தில் ஆட்டைக் கொல்கிறாரே என்று மீனவன் திருப்பிக் கொடுக்கிறான். கொலைத் தண்டனை எப்போது வரும் என்று காவலர்களுக்குக் கை அரிக்கிறது. அரண்மனையிலிருந்து வந்தது மோதிரத்தின் விலைக்கு வெகுமதி. மீனவன் அதில் பாதியை மரியாதையாகக் காவலர்களுக்கு நீட்டுகிறான். அந்த நொடியே அதிகாரிக்கு அவன் உயிர் நண்பன். எல்லோருமாகச் சாராயக் கடைக்குப் போகிறார்கள். மறைமலையடிகள் 1907-இல் சாகுந்தலத்தைத் தமிழாக்கினார். அதை எந்தக் குப்பத்தில் படித்துக் காட்டினாலும், ராஜா காதல் விரகத்தில் உளறும் பக்கங்களைத் தள்ளிவிட்டு இதைத் திருப்பிப் படி என்பார்கள்.

பம்மல் சம்பந்த முதலியார் விஷயத்துக்கு வந்தேன். மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். தொண்ணூறு நாடகத்துக்கு மேல் எழுதினார். ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழாக்கித் தாமே அந்த வேடம் கட்டினார். ஆனால் அவர் பூட்டிய பெட்டி ஷேக்ஸ்பியருடையது. ஷேக்ஸ்பியருக்குப் பெட்டி அனுப்பியவர் 1200 வாக்கில் எழுதிய டென்மார்க்காரர் சாக்சோ, நடுவில் பெல்லேபோரே என்ற பிரெஞ்சுக்காரர் கையும் பட்டது. சாக்சோவின் ஆம்லெத் நம் ஊர்த் தெருக்கூத்துக்கு ஏற்ற ஆள். அப்பனைச் சித்தப்பன் கொன்றது ஊருக்கே தெரியும், அதனால் ஆவி வந்து துப்புக் கொடுக்கத் தேவையில்லை. பைத்தியம் போல நடித்துக் குதிரையில் பின்பக்கம் பார்த்து உட்காருகிறான். ஒட்டுக்கேட்டவனைக் கொன்று, துண்டு போட்டு, வேகவைத்துப் பன்றிக்குப் போடுகிறான். தனக்கே நடக்கும் கருமாதி விருந்தில் வந்து குதித்து, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துக் கவிழ்த்து, அம்மா நெய்த திரைச்சீலையை அவர்கள் மேல் இழுத்து முளையடித்து, மண்டபத்துக்குத் தீ வைக்கிறான். சித்தப்பனைத் தனியாகத் தீர்த்துவிட்டு ராஜாவாகிறான், முன்னும் பின்னுமாக இரண்டு கல்யாணமும் செய்துகொள்கிறான். இருப்பதா போவதா என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை.

ஷேக்ஸ்பியருக்கு முன்பே லண்டனில் வேறு யாரோ ஒரு ஹாம்லெட் நாடகம் போட்டிருக்கிறார்கள். பிரதி தொலைந்துவிட்டது. தாமஸ் லாட்ஜ் என்பவர் 1596-இல் அதைக் கிண்டல் செய்து எழுதியது மட்டும் மிஞ்சியிருக்கிறது: மேடையில் ஆவி வந்து பழிவாங்கச் சொல்லிக் கத்தியது, சிப்பி விற்கும் பெண் கூவுவது போல் இருந்ததாம். லண்டனில் அதைப் பரிகாசம் என்று நினைத்திருக்கிறார்கள்.

பெரியவர் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். காசிமேட்டு மீன் ஏலத்தை விடியற்காலையில் கேட்டவர் அவர்.

“அந்த வேஷத்துக்கு நம்ம தாழங்குப்பத்துலயே ஆள் இருக்கு தம்பி. ஆனா ஒண்ணு. எங்க மீன்கார அக்கா அப்படி ஒரு தடவை கத்துச்சின்னா, அந்தப் புள்ள அப்பவே போய்ச் சித்தப்பன குத்திட்டு வந்துடும். மீதி நாலு அங்கத்துக்கு டிக்கெட் காச யார் திருப்பித் தர்றது?”